அப்பாவைக் கூட்டிட்டு வா

“முடியல டீச்சர். தொண்டை போச்சு. பிள்ளைகளா அதுக? சந்தையில பாதி ஆள இங்கன கொண்டுவந்து விட்டுட்டாவ.”

தெய்வசிகாமணி இதைச் சொன்னபோது, தலைமையாசிரியை ஜெபமலர் சத்துணவுக் கூடத்தில் நின்று சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஆசிரியர் ஒருவர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

“உப்பு கொஞ்சம் போடுங்க,” என்றார் சமையல்காரம்மாவிடம். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

“ஏழாங்கிளாஸா?”

“ஏழாங்கிளாஸேதான்.”

“சாப்பிட்டியளா?”

“சோறு எறங்க மாட்டுக்கு டீச்சர்.”

சிகாமணி புது வாத்தியார். வேலைக்குத்தான் புதுசு, ஆளுக்கு வயது நாற்பத்தாறு. படிப்பை முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, வேலைக்கான ஆர்டர் வரும் வரும் என்று காத்திருந்த காலமெல்லாம் பாளையங்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துப் போட்டார். ஆணி எதிர்த்துப் பேசாது. போட்ட இடத்தில் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் வகுப்புக்குள் நுழைந்தவருக்கு முதல் நாளே வியர்த்துவிட்டது.

மீசை நரைத்த பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளையவர் முன்னால் வந்து நின்று குறை சொல்வது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஜெபமலர் டீச்சர் ஒரு வகுப்புக்குள் போனால் பிள்ளைகள் முகம் பார்த்துக் கேட்கிறார்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது, கேட்டு வாங்கிவிட வேண்டும் என்பது சிகாமணியின் எண்ணம்.

“ஒரு குச்சி வச்சுக்கிடட்டுமா டீச்சர்? அடிக்க மாட்டேன். மேசை மேல சும்மா கெடக்கட்டும்.”

“சும்மா கெடக்கக் குச்சி எதுக்கு?”

“அப்போ நான் என்னதான் செய்ய?”

ஜெபமலர் டீச்சர் கரண்டியைக் கழுவி வைத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

“மொதல்ல யாரு யாருன்னு பாருங்க.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான். சோறு ஆறுது, போங்க.”

மறுநாள் அவர் பயிற்சி வகுப்புக்கென்று வெளியூர் போய்விட்டார். திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.



விவரம் தெரிந்தவர்கள் சுருக்கமாகப் பேசினால் இதுதான் சங்கடம். கேட்டவன் தனக்குத் தோதான பக்கத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு போய்விடுவான்.

யாரு யாருன்னு பாருங்க. சரி, பார்த்துவிடுவோம். எந்த வாயிலிருந்து சத்தம் கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார். பூனைக்கு மணி கட்டச் சொல்கிறார். சிகாமணிக்கு அப்படித்தான் விளங்கியது.

கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. ஜன்னலோரப் பெஞ்சில் இருந்தாள் பேச்சியம்மாள்.

வருகை எடுத்தால், தன் பெயருக்கு “உள்ளேன் ஐயா” சொல்லிவிட்டு, வராதவர்களுக்கும் அவளே காரணம் சொல்வாள். “அவ அக்காவுக்கு வளைகாப்பு சார்.” “அவனுக்குக் கண்ணு வலி சார், பக்கத்துல போனா நமக்கும் ஒட்டிக்கிடும்.” சிகாமணி டஸ்டரைத் தேடினால், தேட ஆரம்பிக்கும் முன்பே, “சார், நாற்காலிக்கு அடியில” என்பாள். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து விழும். பெரும்பாலும் தப்பான பதில்.

“பேச்சின்னு பேர வச்சுட்டுப் பேசாத பேசாதன்னா அவ என்ன செய்வா?” என்று கணக்கு வாத்தியார் ஆசீர் சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. அவர் வகுப்பில் அவள் இல்லை.

அன்றைக்கு ஆறுகள் பாடம். பொதிகை மலையில் தாமிரபரணியைப் பிறக்க வைத்து, பாபநாசம் வழியாக இறக்கி, அம்பாசமுத்திரம் தாண்டி, சிகாமணி வியர்க்க வியர்க்கக் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தார்.

“சார், அது கடல்ல சேருத எடத்துல எங்க மாமா வீடு இருக்கு.”

அவ்வளவுதான். வகுப்பில் அத்தனை பேருக்கும் மாமா முளைத்துவிட்டார்கள். ஒரு மாமா புன்னைக்காயலில் இருந்தார், ஒரு மாமா ஏரலில் வாழைக்காய் ஏற்றினார், ஒரு மாமாவை ஆறு அடித்துக்கொண்டு போய் ஆலமரத்தடியில் விட்டுவிட்டுப் போனது. தாமிரபரணியை யாரும் கவனிக்கவில்லை.

சிகாமணி கத்தினார். அது எப்படிப்பட்ட கத்தல் என்றால், ரோட்டில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

“எந்திரி! பைய எடு! வெளிய போ! நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிட்டு வா. அப்பா வந்தாத்தான் நீ கிளாசுக்குள்ள கால் வைக்கணும்!”

“சார், எங்க அப்பா...”

“பேசாத!”

“இல்ல சார், எங்க அப்பா வந்து...”

“ஒரு வார்த்த பேசப்படாது! போ!”

நம் ஊரில் பள்ளிக்கூடம் போனவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. குச்சியைச் சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள். இதைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. அவசரத்துக்கு வாத்தியார் வாயில் தானாக வரும். சிகாமணிக்கும் அப்படித்தான் வந்தது, யோசித்துச் சொன்னதில்லை.

பேச்சி பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்பாவும் வரவில்லை.

ஆனால் வகுப்பு அடங்கிவிட்டது! சிகாமணிக்கே நம்ப முடியவில்லை. வருகை எடுத்தார், அவரவர் பெயருக்கு அவரவர் மட்டும் சொன்னார்கள். மலைகளைப் பற்றிக் கேள்வி கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பதிலை அவரே சொல்லிக்கொண்டார். டஸ்டரைக் காணோம் என்று தேடினார். அவரே தேடி எடுத்தார். தொண்டை வலி போயிற்று. மத்தியானம் சோறு நன்றாக இறங்கியது.



ஜெபமலர் டீச்சர் திரும்பி வந்த அன்று, அவர் பையைக் கீழே வைப்பதற்குள் சிகாமணி போய் நின்றார்.

“டீச்சர், நீங்க சொன்ன மாரியே செஞ்சிட்டேன். யாருன்னு பாத்தேன், புடிச்சேன். இப்போ வந்து கேளுங்க. கிளாஸ்ல ஈ பறந்தா கேக்கும்.”

டீச்சர் வந்தார். ஏழாம் வகுப்பு வாசலில் நின்றார். உள்ளே பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வெகுநேரம் பார்த்தார். சிகாமணி பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று அவருக்கு ஆசை. சின்னப் பிள்ளைக்கு இருக்குமே, அந்த ஆசை.

“பேச்சி எங்க?”

“அவதான் டீச்சர் காரணமே! அப்பாவக் கூட்டிட்டு வான்னு வெளிய அனுப்புனேன். அன்னையில இருந்து ஆளையே காணும். மத்ததுகளுக்கும் பயம் வந்துட்டு.”

“அவ ஒண்ணும் சொல்லலியா?”

“என்னமோ சொல்ல வந்தா. நான் விடல.”

டீச்சர் தலையை ஆட்டினார். வராந்தாவில் நாலு எட்டு நடந்தார். சிகாமணியும் பின்னாலேயே போனார்.

“சார்.”

“சொல்லுங்க டீச்சர்.”

“நாளைக்கு வரும்போது உங்க அப்பாவக் கூட்டிட்டு வாங்க.”

சிகாமணி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“எதுக்கு டீச்சர்?”

“அப்பா வந்தாத்தான் நீங்க கிளாசுக்குள்ள போவணும்.”

“டீச்சர், எங்க அப்பா...”

“பேசாதிய சார்.”

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்பதுபோல் சொன்னார்.

“கேட்டுக்கு வெளிய நில்லுங்க. வகுப்ப நான் பாத்துக்கிடுதேன்.”



அன்று சாயங்காலம் சிகாமணிக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும்.

வயதென்ன, பேச்சென்ன! ஒரு ஆசிரியரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்த எந்த விதியில் இடம் இருக்கிறது? சங்கத்தில் சொல்லலாம். கல்வி அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கலாம். மனுவில் என்ன எழுதுவது? “தலைமையாசிரியை என் அப்பாவைக் கூட்டி வரச் சொல்கிறார்” என்றா? படிக்கிற அதிகாரி ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிப்பார்.

அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இருந்திருந்தால், என்ன ஏது என்று கேட்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். அதை நினைத்ததும் கோபம் பாதியில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் அப்பாவின் நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் சிகாமணி வழக்கம்போல் வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே போயிருந்தால் யாரும் கையைப் பிடித்து இழுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கால் போகவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். “வணக்கம் சார்” என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். இரண்டு பேர் திரும்பி வந்து, “உள்ள வரலியா சார்?” என்று கேட்டார்கள்.

“வாறேன், வாறேன். நீங்க போங்க.”

ஆசீர் சார் வண்டியை மெதுவாக்கினார். “என்ன சார், யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கியளா?”

“ஆமா. ஒரு ஆளு வரணும்.”

மணி அடித்தது. உள்ளே தமிழ்த்தாய் வாழ்த்து ஆரம்பமானது. சிகாமணி கேட்டுக்கு வெளியே, சாப்பாட்டுப் பையும் கையுமாக, அசையாமல் நின்றார். ரேஷன் கடைக்குப் போகிற பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு, ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். எதிர்ப் பெட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிகாமணி தன் செருப்பைப் பார்த்தார்.

அவருக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில், பட்டப்பகலில், பள்ளிக்கூட வாசலில்.

பிரேயர் முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இனி இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க முடியாது. வீட்டுக்கும் போக முடியாது, பெண்டாட்டி என்ன என்று கேட்பாள். எங்கே போவது?

அவள் எங்கே போயிருப்பாள்?

அந்தக் கேள்வி வந்ததும் சிகாமணி நிமிர்ந்தார். பிந்தி ஓடிவந்த ஒரு பிள்ளையை நிறுத்தி, “பேச்சி வீடு எங்கல இருக்கு?” என்று கேட்டார்.



மேலத்தெருக் கடைசியில் ஓட்டு வீடு. வாசலுக்கு நேராக உள்ளே பேச்சியும் அவள் அம்மாவும் மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா எழுந்தாள். பேச்சி எழவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. கத்தரியால் இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

“வாங்க சார். இவ அப்பா கேரளாவுல டைல்ஸ் வேலைக்குப் போயிருக்காவ. கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் வருவாவ. நான் வரலாம்னா அன்னைய வேல போயிரும். அப்பா வந்தாத்தான்னு கண்டிசனா சொல்லிட்டியளாம்லா? அதான் கொடை வரைக்கும் இங்கன இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“கொடைக்கு அப்புறம்?”

“அதுக்கப்புறம் என்னத்துக்கு சார்? கையும் நல்லாத்தான் ஓடுது.”

சிகாமணி அந்தக் கையைப் பார்த்தார். உண்மைதான், நன்றாக ஓடியது. இலையை வைத்து, தூளைப் போட்டு, ஒரு உருட்டு, ஒரு மடக்கு, நூலால் ஒரு சுற்று. இன்னும் ஒரு மாதம் இப்படி ஓடிவிட்டால், பிறகு கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் அது நிற்காது. அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வகுப்பில் முதல் நாள் வந்த பயமெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

“கொஞ்சம் தண்ணி தாங்கம்மா,” என்று வாசல்படியில் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டுதான் வந்தார். ஒன்றும் வாயில் வரவில்லை. செம்பில் தண்ணீர் வந்தது, குடித்தார். பேச்சி பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதை இத்தனை அருகில் உட்கார்ந்து கேட்க அவரால் முடியவில்லை.

கடைசியில் அவளால்தான் பொறுக்க முடியவில்லை.

“சார், இன்னைக்கு ஸ்கூல் இல்லியா?”

“இருக்கு.”

“பொறகு இங்க வந்து உக்காந்திருக்கிய?”

“என்னைய உள்ள விடல.”

கத்தரி நின்றது.

“யாரு?”

“டீச்சரு.”

“எதுக்கு?”

“அப்பாவக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாவ.”

பேச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போவ வேண்டியதுதான சார்?”

“எங்க அப்பா செத்துப் போய்ட்டாவ.”

“எப்போ?”

“ஆறு வருஷம் ஆச்சு. ஆர்டர் வந்துட்டா, ஆர்டர் வந்துட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. நான் வாத்தியார் ஆனத அவிய பாக்கல.”

பேச்சி கத்தரியைக் கீழே வைத்தாள்.

“அத டீச்சர்ட்ட சொன்னியளா சார்?”

“சொல்ல வந்தேன். பேசாதிய சார்னுட்டாவ.”

“இது என்ன சார் அநியாயமா இருக்கு? என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். செம்பில் மிச்சம் இருந்த தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

“கேக்கணும். நான் கேட்டிருக்கணும் பேச்சி. தப்பு என் பேர்லதான்.”

அம்மாவும் சுளகை இறக்கி வைத்துவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேச்சி எழுந்தாள். மடியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டாள்.

“எந்திரிங்க சார். நான் வந்து பேசுதேன்.”

“ஏட்டி, அப்போ இந்த எலை?”

“சாயந்தரம் வந்து சுத்துதேம்மா. பாவம், சார் எவ்வளவு நேரம் வெளிய நிப்பாவ?”

அம்மா மகளை ஒருமுறை பார்த்தாள், வாத்தியாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த யூனிபாரத்தை எடுத்து உதறிக் கொடுத்தாள்.



வழியெல்லாம் பேச்சி பேசிக்கொண்டே வந்தாள். தையல்காரர் வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. கேரளாவில் அப்பா இருக்கிற இடத்தில் ஓயாமல் மழை. போனில் பேசினால் மழைச் சத்தம் கேட்கும், அப்பா சொல்வது பாதிதான் கேட்கும். கடலோரத்து மாமாவைப் பற்றி அன்றைக்கு முழுசாகச் சொல்ல முடியாமல் போய்விட்டது. அவர் வீட்டு வாசலில் நின்றால் ஒரு கையை ஆற்றிலும் ஒரு கையைக் கடலிலும் நனைக்கலாம், ஒன்று இனிக்கும், ஒன்று கரிக்கும்.

சிகாமணி குறுக்கே பேசவில்லை.

அவர்கள் வருவதை ஏழாம் வகுப்பு ஜன்னல் வழியாக யாரோ பார்த்துவிட்டார்கள். ஜெபமலர் டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கு வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் நின்றார்.

“அப்பா வரலியா சார்?”

சிகாமணி வாயைத் திறப்பதற்குள் பேச்சி முன்னால் வந்துவிட்டாள்.

“சாருக்கு அப்பா இல்ல டீச்சர். அதான் நான் வந்திருக்கேன்.”

“சரி. நீ என்ன சொல்லுத?”

பேச்சி இடுப்பில் சொருகியிருந்த துப்பட்டா நுனியை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள். இந்தக் கேட்டில் நின்று பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவள் கேட்டுப் பழகியதுதான். வாத்தியாரின் சட்டைக்கையைப் பிடித்து, ஓர் எட்டு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

“இந்த ஒரு தடவ விட்டுருங்க டீச்சர். வீட்ல வச்சு நான் சொல்லிட்டேன். இனிமே கத்த மாட்டாவ.”